கண்ணும் வாயும் காட்டும் சிந்தனை: ஓர் ஆய்வுமுறையின் மதிப்பீடு

மனிதர் சிந்திக்கும் விதத்தை நேரே காண இயலாது. ஆகவே உளவியலாளர் இரு வழிகளை நாடுகின்றனர். பார்வை எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கருவியால் பதிவது கண்ணசைவுப் பதிவு. வேலை செய்பவரே தம் எண்ணத்தைச் சொல்வது வாய்மொழி அறிக்கை. இவ்விரண்டும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளர் குடியிருப்பான பிள்ளையார்பாளையத்தின் பட்டுத் தறியை வைத்து எடைபோடலாம்.

வாய்மொழியின் குறை பழையது. 1977இல் ரிச்சர்டு நிஸ்பெட்டும் திமதி வில்சனும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை இடம்பெறுகிறது. ஒரே மாதிரியான நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே பலர் எடுத்தனர். காரணம் கேட்டபோது, அது இருந்த இடத்தை எவரும் தாமாகக் குறிப்பிடவில்லை. 1980இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் இதற்கு விடை கூறினர். ‘ஏன்’ என்று விளக்கச் சொல்வது வேறு. அந்த நொடியில் மனத்தில் ஓடுவதை அப்படியே சொல்லவைப்பது வேறு. பின்னதை நம்பலாம் என்பது அவர்கள் வாதம்.

கண்ணுக்கும் எல்லை உண்டு. ஒரே ஓவியத்தைப் பார்ப்பவரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டால் பார்வையின் பாதையும் மாறும் என்று ஆல்பிரட் யார்பஸ் காட்டினார். பார்வை நோக்கத்தைப் பின்தொடர்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் ஓரிடத்தில் நின்ற கண் அங்கே ஐயத்தால் நின்றதா, பழக்கத்தால் நின்றதா என்பதைப் பதிவு மட்டும் சொல்லாது. அதனால்தான் இரண்டு சான்றுகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இனித் தறிக்கு வருவோம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். ஊடை நூல்கள் நிறம் மாறும் இடத்தில் கோத்துக்கொள்ளும். இதற்கு நெசவாளரோடு துணையாள் ஒருவரும் வேண்டும். பழகிய நெசவாளரின் கால் எண்ணிப் பார்த்து மிதிப்பதில்லை. நூலின் இழுவையைக் கை உணரும். பழகித் தானாக நடப்பவை வாய்மொழியில் வராது என்பதை எரிக்சனும் சைமனும் ஒப்புக்கொண்டவர்களே. கண்ணசைவுப் பதிவிலும் கைவிரலின் உணர்வு விழாது. மேலும், இங்கே வேலை இரண்டு பேருக்கிடையே பகிரப்பட்டிருக்கிறது. கருவியோ ஒருவரின் கண்ணை மட்டுமே பார்க்கிறது.

இது வெறும் ஆய்வுக்கூடச் சிக்கல் அன்று. கண்ணிலும் சொல்லிலும் அகப்பட்டதே அறிவு என்று கொண்டால், வாய்பேசாமல் நெய்பவர் சிந்திக்காமல் நெய்பவராகிவிடுவார். அந்தப் பதிவை வைத்து எழுதும் பயிற்சிநூலிலும் அவர் கற்றதில் பாதி இராது. இம்முறையைத் தள்ளவேண்டியதில்லை. கையையும் காலையும் துணையாளையும் சேர்த்துப் பதிய வேண்டும். வேலை முடிந்தபின் அந்தப் பதிவை நெசவாளரிடமே காட்டி, இந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அப்போதும் அவர் ‘தெரியவில்லை, கை செய்தது’ என்றால், அதையும் ஒரு சான்றாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.