இரண்டு கே.பி. கூட இல்லாத வரப்பிரசாதம்

தமிழில் டைப் செய்து பிழைப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்கள் தலைவலிக்கு மருந்து பெரும்பாலும் இரண்டு வரி நிரல்தான். அதை நீங்களே நோட்பேடில் எழுதலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். அந்த சந்தோஷத்துக்கு ஈடே இல்லை!

திருத்தணியில் டி.டி.பி. வேலை செய்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதம் முன்பே காவடிக் குழுக்களும் அன்னதானக் கமிட்டிகளும் நோட்டீஸோடு வந்துவிடுவார்கள். மேட்டர் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியதாகவோ, யாரோ செல்போனில் அனுப்பியதாகவோ இருக்கும். அதில் 'முருகர்' என்று தேடினால் கிடைக்காது. கண் முன்னே இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் இல்லை என்று சாதிக்கும். காரணம், 'ர்' வரவேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். யூனிகோடில் இரண்டும் வேறு வேறு குறியீடு.

தமிழில் துணைக்கால்மேல் புள்ளி வரும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'ர்' ஆக்கிவிடலாம், ஒரு சொல்லும் கெடாது. ஆட்டோஹாட்கீயில் எழுதினேன்: காப்பி செய்த மேட்டரை எடு, துணைக்கால் புள்ளியை 'ர்' ஆக்கு, திரும்ப வை. அவ்வளவே. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நோட்டீஸ் முழுவதும் சுத்தம். முதல்முறை அது வேலை செய்ததைப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆட்டோஹாட்கீ, கிறிஸ் மேலட் என்பவர் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. எழுதும் கோப்பை யு.டி.எஃப்-8 ஆகச் சேமிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறியாகிவிடும்.

நான் எழுதியதை டி.டி.பி. நண்பர்கள் குழுவில் போட்டேன். எக்ஸி கோப்பாகக் கொடுத்தால் விண்டோஸே மிரட்டும், ஆன்டிவைரஸ் விழுங்கிவிடும். அதனால் நிரலையே அப்படியே கொடுத்துவிடுவேன், திறந்து படித்துப் பார்த்துக்கொள்ளலாம். மறுநாளே அரக்கோணத்திலிருந்து ஒருவர், "அண்ணே, 'ரி'க்கும் இதே கூத்துதான், அதையும் சேருங்க" என்றார். உண்மைதான், துணைக்கால்மேல் கொக்கி போட்டு 'ரி' ஆக்கியிருப்பார்கள். ஒரு வரி கூடியது.

அடுத்து எழுதிய நிரல் கல்யாணப் பத்திரிகைக்கு. எஃப்8 அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும்: 'நிகழும் மங்களகரமான', 'சுபயோக சுபதினத்தில்', 'தங்கள் நல்வரவை விரும்பும்'. தொட்டால் போதும், வந்து உட்காரும். இதை வாங்கிய ஆந்திரத்து நகரி நண்பர் தெலுங்குப் பட்டியலும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார் பாருங்கள், எனக்குப் பேச்சே வரவில்லை! 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் எங்கள் திருத்தணி, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன். இன்றும் எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் பத்திரிகையை இரண்டு மொழியிலும் அடிக்கின்றன. நான் கேட்காமலே பாதி வேலையை அவர் முடித்துக் கொடுத்துவிட்டார். தெலுங்கு மேட்டரில் இப்போது என் வேகமே வேறு.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நம்மிடம் புதிதல்ல. பா. விஸ்வநாதனின் அழகி, முகுந்தராஜின் இ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவுக்காக கே.எஸ். நாகராஜன் எழுதிய என்.எச்.எம். ரைட்டர்: எங்களைத் தமிழில் எழுத வைத்தவர்கள் இவர்கள்தான். என்.எச்.எம். ரைட்டர் ஒரு எம்.பி.க்கும் குறைவு! பழைய ஃப்ளாப்பியில்கூட அடங்கும். ஆல்ட்டும் 1-ம் அழுத்தினால் தமிழ்99 விசைப்பலகை. அதில் 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானே விழும். 'பக்கம்' அடிப்பவருக்கு ஒரு தட்டு மிச்சம். நாள் முழுக்க அடிக்கிறவன் விரலுக்குத் தெரியும் அதன் அருமை. இத்தனையையும் நமக்கு எழுதிக் கொடுத்தார்களே, அந்த மனசுக்கு என்ன கைம்மாறு செய்வது?

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஏதாவது ஒரு சின்ன நிரல் கிடக்கும். எக்செல் மேக்ரோவாக இருக்கலாம், நாலு வரி பேட்ச் கோப்பாக இருக்கலாம். சின்னது, யாருக்கு உதவும் என்று தயங்காதீர்கள். எப்படி ஓட்டுவது என்று இரண்டு வரி தமிழில் எழுதி, நிரலோடு சேர்த்து இன்றைக்கே நண்பர்களுக்கு அனுப்பிவையுங்கள்.