இரும்பு வலுசர்ப்பமும் இரக்கத்தின் எல்லையும்
டோல்கியனின் போர்க்கதைகள்: ஒரு திறனாய்வு

மந்திரவாதிகளும் வலுசர்ப்பங்களும் உலவும் கதைகள் இறையியல் கற்போரிடையே ஐயத்தோடுதான் வரவேற்கப்படுகின்றன. இவை சிறுவர்க்குரியவை என்று ஒதுக்குவார் ஒரு சாரார். மந்திரம் என்னும் சொல் வருவதாலேயே இவை விலக்கத்தக்கவை என்பார் மற்றொரு சாரார். இதற்கிடையில் நம் சபைகளின் இளைஞரோ இக்கதைகளை ஆர்வத்தோடு படிக்கின்றனர். 2001 முதல் 2003 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த திரைப்படங்களின் வாயிலாகவும் அறிந்திருக்கின்றனர். ஆகவே இவை போரைப் பற்றியும் பகைவரைப் பற்றியும் எதைக் கற்பிக்கின்றன என்று ஆராய்வது நமது கடமையாகிறது.

இவ்வகை இலக்கியத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியராயிருந்த ஜே. ஆர். ஆர். டோல்கியன் (1892–1973). அவரிடம் நாம் இரு கேள்விகளைக் கேட்போம். மந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் அவர் காணும் உறவு யாது? அவருடைய போர்க்களத்தில் பகைவனாய் நிற்கும் உயிருக்கு இரக்கத்தில் பங்கு உண்டா? முதற்கேள்விக்கு அவர் தரும் விடை ஆழமானது. இரண்டாம் கேள்வியிலோ அவருடைய கதை அவருடைய கோட்பாட்டோடு முரண்படுகிறது என்பதே நம் கருத்து.

1. பட்டறையில் பிறந்த வலுசர்ப்பம்

டோல்கியன் 1916ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் சொம் போர்முனையில் செய்தித்தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றினார். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அதே போர்முனையில்தான் 'டாங்கி' எனப்படும் கவச வண்டிகள் வரலாற்றிலேயே முதன்முறையாகக் களமிறங்கின. பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சலுக்கு ஆளாகி, நவம்பரில் அவர் தாயகம் அனுப்பப்பட்டார். மருத்துவமனையிலும் விடுப்பிலும் இருந்த அக்காலத்தில் அவர் எழுதிய கதையே 'கொண்டொலின் நகரின் வீழ்ச்சி'. அவருடைய புனைவுலகின் முதற்கதைகளுள் ஒன்றான இது, அவர் மறைந்த பின்னரே, 1984இல் அச்சேறியது.

மலைகளால் சூழப்பட்டு, பகைவர் கண்ணுக்கு மறைவாய் அமைந்த எல்ஃபுகளின் நகரம் கொண்டொலின். தீமையின் தலைவனாகிய மெல்கோ அதைத் தேடுகிறான். உலோகக் கனிகளைத் தேடி மலைக்குச் சென்ற மெக்லின் என்னும் இளவரசன் பகைவரிடம் சிக்குகிறான். வதைக்கு அஞ்சி நகரின் இரகசியத்தை விற்றுவிடுகிறான். அதோடு நில்லாமல், உன்னிடம் உலோகமும் நெருப்பும் மிகுதியாய் இருக்கின்றன, அவற்றைக்கொண்டு மலை கடந்து செல்லும் சர்ப்பங்களைச் செய்வாயாக என்று யோசனையும் கூறுகிறான். அவ்வாறே மெல்கோவின் கொல்லர்களும் மாயவித்தைக்காரரும் சேர்ந்து போர்மிருகங்களை உருவாக்குகின்றனர். அவற்றுள் சில, கண்ணிகளாய் இணைக்கப்பட்ட இரும்பினால் ஆனவை. எத்தடையையும் ஏறிக் கடப்பவை. சில வெண்கலத்தாலும் செம்பாலும் ஆனவை. உள்ளே நெருப்பை இதயமாகக் கொண்டவை. இன்னும் சில முற்றிலும் தழலேயானவை. இரும்பு மிருகங்களின் வயிறுகள் உள்ளீடற்றவை. மதிலை எட்டியதும் அவ்வயிறுகள் திறக்கின்றன. உள்ளே அடைபட்டிருந்த ஓர்க்குகள் என்னும் அரக்கப்படையினர் வெளியே பாய்கின்றனர்.

இங்கே டாங்கியின் நிழலைக் காணும் ஆய்வாளர் உண்டு. அத்தொடர்பை நாம் அளவுக்கு மிஞ்சி வலியுறுத்த வேண்டியதில்லை. நம் கவனத்துக்குரியது வேறொன்று. இக்கதையில் மந்திரம், தொழில்நுட்பம், வலுசர்ப்பம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்களாய் இல்லை. அடக்கியாள விரும்பும் ஒரே சித்தம் பட்டறையில் நுழைந்து மூன்றாகவும் வெளிப்படுகிறது.

பிற்காலத்தில் ஆசிரியரே இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். ஏறத்தாழ 1951இல் பதிப்பாளர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தம் படைப்பின் மையப் பொருள்களாக வீழ்ச்சி, மரணம், இயந்திரம் ஆகிய மூன்றைக் குறிப்பிடுகிறார். இயந்திரம் என்பதால் அவர் சுட்டுவது சக்கரங்களை மட்டுமன்று. தன் சித்தம் உடனே நிறைவேற வேண்டும் என்ற வேட்கையால், பிறருடைய சித்தத்தை நசுக்கும் எல்லாச் சாதனங்களும் அதில் அடங்கும். அவ்வகையில் மந்திரமும் இயந்திரமும் நெருங்கிய உறவின என்கிறார். இறையியல் மாணவர் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மந்திரம் என்ற சொல்லைக் கண்டு அஞ்சும் நாம், அதே வேட்கை இயந்திரத்தின் உருவில் வரும்போது முன்னேற்றம் என்று வரவேற்பதுண்டு. டோல்கியன் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கிறார்.

2. பயன்படுத்த மறுத்த ஆயுதம்

1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெருநூல் இக்கருத்தின் விரிவாக்கமேயாகும். அதில் சாருமான் என்னும் ஞானி, முதலில் பகைவனின் கலைகளைக் கற்கிறான். பின்னர் பகைவனாகவே மாறுகிறான். அவனுடைய ஐசன்கார்டு கோட்டையில் மரங்கள் வெட்டப்பட்டு உலைகளுக்கு இரையாகின்றன. நிலத்தடியில் சக்கரங்கள் சுழல்கின்றன. கோட்டை மதிலைப் பிளக்கும் வெடிநெருப்பும் அங்கே உருவாகிறது.

இதற்கு மாற்றாக நூல் காட்டும் வழி விந்தையானது. பகைவனுடைய பேராற்றல் முழுவதும் பொதிந்த மோதிரம் நல்லோர் கையில் கிடைத்துவிடுகிறது. அதை அணிந்து போரிட்டால் வெல்லலாம். ஆயினும் காண்டால்ஃப், கலாட்ரியல், ஃபராமிர் ஆகியோர் அதை மறுக்கின்றனர். தன் நாட்டைக் காக்கவே அதை விரும்பிய பொரோமிர் வீழ்கிறான். மோதிரத்தை அழிப்பதே பயணத்தின் நோக்கமாகிறது. பகைவனின் ஆயுதத்தை எடுப்பவன் வென்றாலும் பகைவனே வென்றவனாவான் என்பது இந்நூலின் உயிர்நாடியான போதனை. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், தம் கதை 1939இல் தொடங்கிய போரின் உருவகம் என்ற கருத்தை ஆசிரியர் மறுக்கிறார். அப்போர் கதைக்கு அச்சாக இருந்திருந்தால், மோதிரம் கைப்பற்றப்பட்டுப் பயன்படுத்தப்பட்டிருக்கும் என்கிறார். இது ஹிரோஷிமாவுக்குப் பின் வாழும் எவரையும் நின்று சிந்திக்கச் செய்யும் கூற்று.

3. ஓர்க்கு யார்?

இவ்வளவு தெளிவாய்ச் சிந்தித்த ஆசிரியர், ஓர்க்குகளைப் பற்றி மட்டும் ஒரு முடிவுக்கு வர இயலாமல் தத்தளித்தார். முதற்கதையில் ஓர்க்குகள் நிலத்தடி வெப்பத்திலும் சேற்றிலுமிருந்து மெல்கோவால் உண்டாக்கப்பட்டவர்கள். அதாவது, இரும்பு வலுசர்ப்பத்தைப் போலவே அவர்களும் செய்பொருள்கள். ஆயின் தீமைக்குப் படைக்கும் ஆற்றல் இல்லை, அது இருப்பதைக் கெடுக்க மட்டுமே வல்லது என்ற கொள்கை டோல்கியனிடம் நாளடைவில் வலுப்பெற்றது. தீமை என்பது நன்மையின் குறைபாடே என்ற தூய அகுஸ்தீனின் போதனையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. இக்கொள்கைக்கேற்ப, 1977இல் வெளியான 'சில்மரில்லியன்' நூலில் ஓர்க்குகள் சிறைபிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டுச் சீர்குலைக்கப்பட்ட எல்ஃபுகளின் வழிவந்தவர்களாகக் கூறப்படுகின்றனர்.

இதன் விளைவு பெரிது. ஓர்க்கு கெடுக்கப்பட்டவன் என்றால் அவனும் கடவுளின் படைப்பே. கடவுளின் படைப்பு என்றால், அவனுக்கு மீட்பின் கதவை அடைத்துவிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் போர்க்களத்தில் நடப்பது என்ன?

ஹெல்ம் பள்ளத்தாக்குப் போரை எடுத்துக்கொள்வோம். அங்கே சாருமானுக்காகப் போரிட்டவர்கள் இரு வகையினர்: டன்லாந்து மலைநாட்டு மனிதர் ஒரு பகுதி, ஓர்க்குகள் மறுபகுதி. தோற்றுச் சரணடைந்த மலைநாட்டார் கொல்லப்படவில்லை. இடிந்த மதிலைச் செப்பனிடும் பணியைச் செய்து, மீண்டும் படையெடுப்பதில்லை என்று ஆணையிட்டு, வீடு திரும்புகின்றனர். அவர்களுக்கு உண்டான வியப்புக்குக் காரணம், ரோகன் நாட்டார் கைதிகளை உயிரோடு எரிப்பவர்கள் என்று சாருமான் அவர்களை நம்பவைத்திருந்ததே. ஒரு பொய் இரக்கத்தால் உடைவதைக் காட்டும் இப்பகுதி நூலின் மேன்மையான பகுதிகளுள் ஒன்று.

ஓர்க்குகளின் நிலையோ வேறு. ஒருவரும் உயிரோடு எஞ்சவில்லை. லெகோலாஸ், கிம்லி என்னும் இரு தோழர் தாம் கொன்றோரின் எண்ணிக்கையைப் போட்டியிட்டுக் கூறி மகிழ்கின்றனர்: ஒருவருக்கு 41, மற்றவருக்கு 42. வாசகரும் அவர்களோடு சேர்ந்து நகைக்கும்படி இக்காட்சி அமைந்துள்ளது. எண்ணப்படுவோர்க்குப் பெயரில்லை.

ஓர்க்கு என்பவன் பாவத்தின் சின்னமே, பாவத்துக்கு இரக்கம் காட்டலாகாது என்று சிலர் விடையளிக்கக்கூடும். ஆயின் தம் நூலை உருவகக் கதையாகக் கொள்வதை ஆசிரியரே ஏற்கவில்லை. மேலும், அவருடைய ஓர்க்குகள் சின்னங்களைப் போல நடந்துகொள்வதில்லை. சாம் மறைந்திருந்து கேட்கும் உரையாடலொன்றில், ஓர்க்குத் தலைவர் இருவர் போரினால் சலிப்புற்றுப் பேசுகின்றனர். மேலதிகாரிகள் இல்லாத தொலைவிடத்தில் தம்முடைய ஆட்கள் சிலரோடு பிழைத்துக்கொள்ளலாமா என்று ஏங்குகின்றனர். அவர்களுடைய பிழைப்பு கொள்ளையாகவே இருக்கக்கூடும். ஆயினும் சலிப்பும் அச்சமும் ஏக்கமும் உடையவனைச் சின்னம் என்று எவ்வாறு சொல்வது?

ஆசிரியருக்கு இக்கண் இல்லை என்றும் நாம் கூற இயலாது. தென்னாட்டுப் போர்வீரன் ஒருவன் சாமின் கண்முன் செத்து விழும்போது, இவன் பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய் இவனை வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் அழைத்துவந்தது என்றெல்லாம் சாம் எண்ணுகிறான். கொல்லத்தக்கவனாய்த் தோன்றிய கொல்லம் என்னும் வஞ்சகனை முதலில் பில்போவும் பின்னர் ஃப்ரோடோவும் உயிரோடு விட்டதால்தான், ஃப்ரோடோவின் சித்தம் தோற்ற கடைசி நொடியிலும் மோதிரம் அழிகிறது. நூலின் இறுதியில் தன் ஊரை மீட்கும் சண்டையில் ஃப்ரோடோ வாளை உருவுவதில்லை. சரணடைந்தோரைக் கொல்லாதபடி தன்னவரைத் தடுக்கிறான். இவ்வாறு இரக்கத்தால் இயங்கும் ஒரு நூலில், ஓரினத்தார் மட்டும் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டுள்ளனர்.

4. தாமதமாய் வந்த குறிப்பு

இக்குறையை டோல்கியனே உணர்ந்திருந்தார். 1993இல் 'மோர்கோத்தின் மோதிரம்' என்ற தொகுப்பில் வெளியான அவருடைய பிற்காலக் குறிப்புகளில், ஓர்க்குகளைக் கையாளும் முறை பற்றி ஞானியர் வகுத்த நெறியொன்று காணப்படுகிறது. கொடுமைக்குக் கொடுமை செய்யலாகாது, கைதிகளை வதைக்கலாகாது, ஓர்க்கு சரணடைந்து இரக்கம் வேண்டினால், அதனால் இழப்பு நேரிடினும், அதை அளித்தாக வேண்டும் என்பதே அந்நெறி. போரின் பயங்கரத்தில் இது எப்பொழுதும் கைக்கொள்ளப்படவில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். எல்ஃபுகள் தங்களைவிடக் கொடியவர்கள் என்று ஓர்க்குகளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்ததால், சரணடைந்தோர் மிகச் சிலரே என்ற விளக்கமும் அங்கே உண்டு.

மலைநாட்டாருக்குச் சாருமான் சொன்ன அதே பொய்! மலைநாட்டாரிடத்தில் அப்பொய் சோதிக்கப்பட்டு உடைந்தது. ஓர்க்குகளிடத்தில் அது ஒருபோதும் சோதிக்கப்படவில்லை. மேற்குறித்த நெறி ஒரேயொரு காட்சியாகவேனும் கதைக்குள் இடம்பெற்றிருந்தால், நூலின் தன்மையே மாறியிருக்கும். பகைவனின் ஆயுதத்தை எடுக்கலாகாது என்பது இந்நூலின் போதனை என்றோம். ஓரினம் முழுவதையும் இரக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று தீர்ப்பதும் பகைவனின் ஆயுதமே. மோதிரத்தை எறிந்துவிட்ட கைகள் இதை மட்டும் எறியவில்லை.

முடிவுரை

இக்குறை ஓர் ஆங்கில நாவலோடு நின்றுவிடுவதன்று. நம் பிரசங்கங்களிலும் பாட்டுகளிலும் போர்மொழி நிறைந்திருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் பன்னிரண்டாம் அதிகாரம் வலுசர்ப்பத்தைப் பிசாசு என்று பெயரிட்டே அடையாளம் காட்டுகிறது; எந்த மக்களினத்தையும் அப்பெயரால் அழைக்கவில்லை. எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரமும் நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் நிகழ்வதல்ல என்பதைத் தெளிவாக்குகிறது. ஆயினும், வலுசர்ப்பம் என்ற சொல்லை அயலான்மேலோ, மாற்றுச் சமயத்தான்மேலோ, சபையின் எதிர்க்கட்சியின்மேலோ சுமத்திவிடுவது போதகருக்கு எளிதாயிருக்கிறது. அவ்வாறு சுமத்தியபின், இரும்பு மிருகத்தின் வயிற்றுக்குள் அடைபட்டிருப்பவன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே இக்கதைகளை இளைஞர் கையிலிருந்து பறிக்க வேண்டும் என்பது நம் முடிவன்று. இயந்திரத்தின் சோதனையை இவ்வளவு தெளிவாய்க் காட்டும் நூல்கள் சிலவே. இளைஞர் கூட்டத்தில் ஹெல்ம் பள்ளத்தாக்குப் பகுதியை அவர்களோடு சேர்ந்து வாசிப்போம். மலைநாட்டாருக்குக் கிடைத்தது ஓர்க்குகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்போம். விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லாதிருப்போமாக.