அரசு முத்திரையும் சமய முத்திரையும்

சைவ அன்பரொருவர் அண்மையில் எமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்தனர். "ஆங்கில நாடு சட்டத்தால் நிறுவப்பெற்ற திருச்சபையுடையது, முடிவேந்தரே அதற்குத் தலைமை பூண்டவர், ஆதலின் அது கிறித்துவ நாடு. அவ்வாறே தமிழ்நாட்டிற் சைவம் அரசாங்க சமயமென விதிக்கப்படின் இந்நாடு சைவநாடாய்விடும், நம்மவர் தளர்ச்சியும் நீங்கும்" என்பது அதன் சாரம். அன்பரது ஆர்வம் போற்றற்பாலதே. ஆயினும் அவர் காட்டிய ஏதுவும் எடுத்துக்காட்டும் ஒருங்கே வழுவுடையன என்பது எமது துணிபு. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் எடுத்துக்காட்டை நோக்குக. எட்டாம் ஹென்றி என்னும் வேந்தர் 1534-ஆம் ஆண்டிற் சட்டமியற்றித் தம்மைத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டனர். அதற்குத் தூண்டுகோலாயது ஞானநாட்டமன்று. தம் மனைவியை விலக்குதற்கு உரோமாபுரிப் பாப்பரசர் இசையாமையே. அவர் மகள் எலிசபெத்து அரசி 1559-இல் அத்தலைமையை மீட்டும் நிலைநாட்டினர். இன்றும் 26 அத்தியட்சர்கள் பிரபுக்கள் சபையில் வீற்றிருக்கின்றனர். 2023 மே மாதம் 6-ஆம் நாள் முடிபுனைந்த மூன்றாம் சார்ல்ஸ் மன்னரும் அச்சபையைக் காப்பேனென்று சூளுரைத்தனர். இவையனைத்தும் மெய். ஆயின், அந்நாட்டு மக்கள் யாவர்? 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறித்தவரென்று கூறினோர் நூற்றுக்கு 46.2 பேரே, சமயம் ஒன்றுமில்லை யென்றோர் 37.2 பேர். அதற்குப் பத்தாண்டு முன்னர்க் கிறித்தவரென்றோர் 59.3 பேராயிருந்தனர். முடியும் சூளும் பிரபுக்கள் சபையும் இருந்தபடியே இருக்க, மக்கள் மாத்திரம் விலகிச் சென்றனர். சேலையின் கரையிற் சரிகை மின்னுதல்கொண்டு உடலும் பட்டென்று விலைபேசுவாரை எம் காஞ்சி நெசவாளர் நகுவர் அல்லரோ?

இன்னுமொன்று. அச்சபையார் தம் வழிபாட்டு நூலைத் திருத்தியமைத்து 1927-இலும் 1928-இலும் பாராளுமன்றத்தின் இசைவை வேண்டினர். பொதுமக்கள் சபை இருமுறையும் மறுத்தது. மறுத்தவருள் அத்திருச்சபையைச் சாராதாரும் இருந்தனர். இறைவனை எச்சொற்களால் வாழ்த்துவதென்பதைப் புறத்தார் வாக்கெண்ணி முடிவுசெய்த விந்தையைக் காண்மின்! நம் ஆலயத்து நித்திய பூசையின் முறையைச் சட்டசபையிற் கைதூக்கி வரையறுத்தால் அன்பர் உள்ளம் என்படும்? அரசு கொடுக்கும் சிறப்பெல்லாம் ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பிடித்துக்கொள்ளும் இயல்பினதே.

அற்றேல், அந்நாட்டின் நீதிமுறை, விழாக்கள், அறச்சாலைகள் முதலியவற்றிற் கிறித்துவ மணம் கமழவில்லையோ எனின், கமழ்கின்றது. அதனை யாம் மறுத்திலேம். காயமிருந்த பாண்டத்தில் மணம் நெடுநாள் நிற்கும். மணத்தைக்கொண்டு காயம் இன்னும் உளதென்று கொள்ளுதலே பிழை.

இனி ஏதுவை நோக்குவாம். சமயமென்பது எதனைப் பற்றியது? நம் சித்தாந்தத்தின்படி உயிர்கள் பல. ஒவ்வோருயிர்க்கும் மலபரிபாகம் வேறு. சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரமென வேறுபட்டு நிகழ்வது. ஆசாரியர் மாணாக்கனது பக்குவம் நோக்கியே தீக்கை செய்வர். ஒரு நாட்டுக்கோ, ஒரு சாதிக்கோ, ஒரு கொடிக்கோ தீக்கை செய்தற்கு எவ்வாகமத்தும் விதியில்லை. என்னை? நாடென்பது ஓர் உயிரன்று. அதற்கு ஆணவமலமுமில்லை, அது நீங்கிப்பெறும் பேறுமில்லை. (நாட்டின்பேராற் பேசுவார்க்கு ஆணவம் மிகவுண்டு, அது வேறு.) ஆதலின் "சைவநாடு" என்பது, சைவர் பலர் வாழும் நாடென்னும் உபசார வழக்கேயன்றி உண்மை வழக்கன்று. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் திருநீறணிந்திருந்த காலத்தில் நின்றசீர் நெடுமாறர் சமணராயிருந்தார். அன்று பாண்டிநாட்டின் சமயம் யாதென்று அன்பரே கூறுக.

திருச்சபையை நாட்டுக்கு விதித்தலின் பயனை அறிதற்கு ஆங்கில நாடுவரை செல்லவும் வேண்டா. யாழ்ப்பாணமே சாலும். போர்த்துக்கேயர் 1619-இல் அந்நாட்டைக் கைக்கொண்டனர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் முதலியன இடிக்கப்பட்டன. 1658-இல் அவரை வென்ற ஒல்லாந்தர், உரோம மதத்தை விலக்கித் தம் சீர்திருத்தச் சபையை நாட்டினர். ஞானஸ்நானம் பெற்று அச்சபையை ஒப்புக்கொண்டாலன்றி முதலியார்ப் பதவியுமில்லை, அரசாங்க உத்தியோகமுமில்லை. கோயிற்பற்றுதோறும் பள்ளிக்கூடம், அங்கே பிறப்பும் மணமும் பதியும் இடாப்பு. ஏறக்குறைய நூற்றுமுப்பத்தெட்டு ஆண்டு இம்முறை நடந்தது. இடாப்பை நோக்கினால் யாழ்ப்பாணம் கிறித்துவ நாடே. ஆனால் மக்கள் பகலிற் கோயிற்பற்றுக்குச் சென்று பெயர்கொடுத்து, வீட்டுக்கு வந்து மறைவில் நீறணிந்தனர். 1796-இல் ஒல்லாந்தர் இலங்கையை இழந்தனர். பின்னர் ஆங்கிலேயர் அக்கட்டாயத்தைத் தளர்த்தியதும், அப்பெருங்கூட்டம் வெயில் கண்ட பனியென மறைந்தது. இதனைச் சைவர் மாத்திரம் கூறவில்லை; இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டென்னன்ட் என்னும் பிரித்தானியரே 1850-இல் வெளியிட்ட தம் நூலில் ஒல்லாந்தர் முறையின் தோல்வியை விரித்தெழுதினர்.

ஒல்லாந்தர்க்கு இதில் நேர்ந்த இழப்பினும் நம்மவர்க்கு நேர்ந்த இழப்பே பெரிதென்று யாம் கருதுகின்றோம். தலைமுறை தலைமுறையாக நெஞ்சொன்று நினைக்க வாயொன்று சொல்லப் பழகிய மக்கள், கட்டாயம் நீங்கிய பின்னும் அப்பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. ஆறுமுகநாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பிரசங்கமும் அச்சுநூலுமாக உழைத்தது ஏன்? சைவத்தை அரசாங்க சமயமாக்குக வென்று அவர்கள் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு சிறுவனும் தன் சமயத்தைக் கற்றறிந்து சைவனாகவேண்டுமென்றே பாடுபட்டனர். அவ்விலங்கையிலேயே 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்தது. அதனால் ஆண்டுள்ள சைவர் உள்ளம் எங்ஙனம் நொந்ததென்பதை அறிந்தும், அத்தகைய இடத்தைச் சைவத்துக்கு ஈண்டு வேண்டுதல் தகுமோ?

"பிறர் செய்தது பிழையாகலாம், சைவவேந்தர் செய்யின் நன்றாகும்" என்று அன்பர் கூறக்கூடும். இவ்விடத்தில் எம் ஊராகிய கூரத்தைப் பற்றிச் சிறிது உரைத்தல் வேண்டும். சொல்லுதற்குச் சற்றுக் கூச்சமாகவே உளது. ஆயினும் மறைத்தல் நேர்மையன்று.

இவ்வூரிற் கிடைத்த செப்பேடு பல்லவன் முதற் பரமேசுவரவர்மனது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அச்சிவநேயச் செல்வன் ஈண்டுச் சிவபெருமானுக்குத் தூங்கானைமாட வடிவிற் கற்றளி யெடுத்து, பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைப் பங்கிட்டளித்தான். பூசைக்கும் பழுதுபார்த்தற்கும் பங்குண்டு. மண்டபத்தில் நீரும் நெருப்பும் வைத்தற்குண்டு. பாரதம் வாசித்தற்கும் ஒரு பங்குண்டு. இன்ன சமயத்தை மேற்கொள்க வென்று குடிகட்கு ஆணையிட்ட சொல் அதில் யாண்டுமில்லை. வேந்தன் தன் பத்தியைத் தான் செய்தான். கேட்பார் கேட்க இடமும் விளக்கும் அமைத்தான். சைவவேந்தர்க்குரிய நெறி அது.

இதே கூரத்தில் நானூறாண்டு கழித்துத் தோன்றியவர் வைணவப் பெரியாராகிய கூரத்தாழ்வார். சிவனுக்கு மேலானது இல்லையென்று ஓலையிற் கையொப்பமிடுமாறு சோழனொருவன் கட்டாயப்படுத்தினானென்றும், ஆழ்வார் மறுத்துக் கண்களை இழந்தாரென்றும் வைணவ குருபரம்பரை கூறும். அச்சோழன் யாவனென்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்பட்டிலர். "அக்கதை நிகழவேயில்லை" என்று சைவர் சிலர் ஒரே வரியிற் கடந்துபோதலை யாம் மடத்திற் பயின்ற நாளிலேயே கேட்டிருக்கின்றோம். யாமும் பல்லாண்டு அவ்வாறே விடையிறுத்தோம். இப்பொழுது அவ்விடை எமக்கு அமைதி தரவில்லை. நிகழ்ந்ததென்றே வைத்துக்கொள்வோம். அவ்வோலையில் எழுதப்பட்டது நமக்கு உண்மைப்பொருளே, அதில் ஐயமில்லை. ஆயினும் அஞ்சி ஒப்பமிட்டிருந்தால் ஆழ்வார் சைவராயிருப்பரோ? இரார். பொய்யராயிருப்பர். ஒப்பம் வாங்கியவனோ, சிவத்தின் பெயரைத் தன் ஆணைக்கு அணிகலனாக்கிய குற்றத்துக்கு ஆளாகியிருப்பன். அவனைச் சைவனென்று கூற எம் நா எழவில்லை. சமணஞ்சார்ந்த பல்லவன் ஆணைக்கு அஞ்சாத அப்பர் பெருமானைத் தலைவணங்கும் நாம், அதே உறுதியைப் பிறசமயத்தார்பாற் கண்டவிடத்து வேறு துலாக்கோல் எடுத்தல் முறையன்று.

கண்ணிழந்த அவர் காஞ்சிப் பேரருளாளப் பெருமாள் திருமுன்னர் நின்று கண்ணை வேண்டிலர். தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்கவேண்டுமென்றே வேண்டினர் என்பர். கூரத்துச் சிறுவர்க்குத் தேவாரம் பயிற்றும்போது இவ்வரலாற்றையும் யாம் சொல்லிவருகின்றோம். இதனைக் கேள்வியுற்ற அன்பர், சைவப் பண்டிதர்க்கு இது தகுமோவென்று தம் கடிதத்தின் கடைசியில் வினவியுள்ளார். தகும் என்பதே எம் விடை. அடுத்த பிரதோடத்துக்கு அவர் கூரம் வருவாராயின், அப்பிள்ளைகளைக்கொண்டே அதனைச் சொல்லிக்காட்டுவிப்போம்.