அகத்திணை மரபும் தரவுத் தனியுரிமையும்: கலைச்சொல் நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திறன்பேசிப் பயனர் அளிக்கும் இசைவு பொருளுடையதாக அமைய வேண்டுமெனில், இசைவு கேட்கும் மொழி அவருக்கு விளங்க வேண்டும். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023) இதனைக் கடமையாக்கியுள்ளது. ஆயினும், தமிழில் இன்று வழங்கும் ‘அந்தரங்கம்’, ‘தனியுரிமை’ ஆகிய சொற்களுள் முன்னது கமுக்கத்தையும் பின்னது உடைமையையும் முன்னிறுத்துகின்றன. ஒருவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் குறி எது என்பதே இக்கருத்தின் மையவினா. அவ்வினாவை அகத்திணை மரபு எவ்வாறு எதிர்கொண்டது, அம்மரபிலிருந்து இன்று கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, அகத்திணை, அலர், இசைவு, கலைச்சொல்லாக்கம், தரவுப் பாதுகாப்பு

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் அமைந்துள்ள கீழ்பென்னாத்தூர் ஒரு பேரூராட்சி. அப்பெயரில் சட்டமன்றத் தொகுதியும் ஊராட்சி ஒன்றியமும் உள்ளன. வேளாண்மையைச் சார்ந்த இத்தகைய ஊர்களில் தரவு என்பது நகரத்தாரின் கவலையாக மட்டும் இல்லை. நியாயவிலைக் கடையில் 2017 முதல் மின்னணுக் குடும்ப அட்டை வழக்கிலுள்ளது. நூறு நாள் வேலைத் தளங்களில் பணியாளர்களை இடக்குறிப்போடும் நேரக்குறிப்போடும் ஒளிப்படம் எடுத்து வருகை பதியும் செயலி 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. மளிகைக்கடை முதல் உரக்கடை வரை திறன்பேசிவழிப் பணம் செலுத்துதல் இயல்பாகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விதிமுறைகளைப் படித்து முடிவெடுக்கும் வாய்ப்பு இப்பயனர்களுள் பலருக்கு இல்லை. அவர்களுக்கும் செயலிக்கும் இடையே நிற்பவை சில தமிழ்ச் சொற்களே. எனவே, அச்சொற்களின் தகுதியை ஆராய்வது மொழியாய்வின் கடமையாகிறது.

இரு சொற்களும் அவற்றின் குறைகளும்

‘அந்தரங்கம்’ என்னும் சொல் தமிழ் வழக்கில் மறைத்தற்குரியதை, வெளிப்பட்டால் நாணத்திற்கு இடமாவதைக் குறிக்கிறது. இச்சொல்லைக் கொண்டு சிந்திப்பவர், ‘மறைக்க வேண்டியது என்னிடம் எதுவுமில்லை’ என்று எளிதில் கூறிவிடுவார். வாங்கிய அரிசியின் அளவோ மருந்துக்கடைக்குச் சென்ற நாளோ நாணத்தக்கது அன்று. ஆயினும் அவை ஓரிடத்தில் தொகுக்கப்படும்போது ஒருவரின் வறுமை, நோய், பழக்கம் ஆகிய அனைத்தும் புலனாகின்றன. இத்தீங்கை ‘அந்தரங்கம்’ என்னும் சொல் சுட்டுவதில்லை.

‘தனியுரிமை’ என்னும் சொல் உரிமையை வலியுறுத்துவதால் இதனினும் மேம்பட்டது. ஆனால், கணினித் தமிழில் மூலநிரலை வெளியிடாத வணிக மென்பொருளைத் ‘தனியுரிம மென்பொருள்’ என வழங்குகின்றனர். பயனரின் தன்காப்பு உரிமைக்கும், பயனரிடமிருந்து நிரலை மறைக்கும் நிறுவனத்தின் உடைமை உரிமைக்கும் ஏறத்தாழ ஒரே சொல் அமைந்துள்ளது. ‘தனியுரிமைக் கொள்கை’ என்னும் தலைப்பைக் காணும் ஒருவர், அது நிறுவனத்தின் உரிமைகளைக் கூறும் ஆவணம் என்று கொண்டால் அவரைக் குறைகூற இயலாது.

சட்டத்துறையில் இக்கருத்து வளர்ந்த வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. மரணதண்டனை பெற்ற ‘ஆட்டோ’ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை என்றும், அவற்றைக் கடந்து ஒருவரின் வாழ்வை அவர் இசைவின்றி வெளியிடுதல் அவர்தம் உரிமையை மீறுவதாகலாம் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில் இதனை அடிப்படை உரிமை என ஒருமனதாக உறுதிசெய்தது. இவ்விரு தீர்ப்புகளிலும் உரிமைக்கு உரியவர் தனிமனிதரே. இச்செய்தி பின்னர் வரும் விவாதத்திற்கு இன்றியமையாதது.

பெயர் சுட்டாமையும் வேம்பும்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் நெறி. இந்நெறி அகவாழ்வைப் பேசாது விடுமாறு கூறவில்லை. களவு, பிரிவு, ஊடல் என அனைத்தையும் விரிவாகப் பேச இடந்தருகிறது. பேசப்படுபவர் இன்னார் என்று காட்டுவதை மட்டுமே விலக்குகிறது. அகத்திற்கும் புறத்திற்கும் உரிய எல்லை இங்கே கமுக்கத்தைக் கொண்டு வகுக்கப்படவில்லை. அடையாளப்படுத்தலைக் கொண்டு வகுக்கப்படுகிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையைப் பற்றிய விவாதம் இதனை மேலும் நுட்பமாக்குகிறது. 188 அடிகளில் நக்கீரர் பாடிய அப்பாட்டில் தலைவனின் பெயரோ தலைவியின் பெயரோ இல்லை. பிரிவால் வருந்தும் அரசியும், பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனும் பெயரின்றியே காட்டப்படுகின்றனர். எனினும், வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருந்தது என்னும் ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. ஆகவே, பாட்டுடைத் தலைவன் பாண்டியன் என்பது வெளிப்படுகிறது. அதனால் இப்பாட்டு புறத்தின்பாற்படும் என்று நச்சினார்க்கினியர் கொண்டார்.

பெயரை நீக்கினாலும் துணைக்குறி ஒன்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்னும் இவ்வுணர்வு, இன்றைய தரவறிவியலின் அடிப்படைச் சிக்கலோடு ஒப்பிடத்தக்கது. ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைபேசி இருப்பிடப் பதிவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பெயரற்ற அப்பதிவுகளில் இடமும் நேரமும் கொண்ட நான்கு புள்ளிகளே 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறியப் போதுமானவை எனக் காட்டியது. இரவில் ஒரு தெருவிலும் பகலில் ஒரு பள்ளியிலும் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையிலும் காணப்படும் ஒரு கைபேசிக்குப் பெயர் தேவையில்லை. அவ்விருப்பிடங்களே அதன் வேப்பந்தழை.

2023ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தரவைப் பெயரளவில் சுருக்கவில்லை. எத்தரவாலோ எத்தரவின் தொடர்பாலோ ஒருவரை அடையாளம் காண முடியுமோ அதுவே தனிநபர் தரவு என்கிறது. ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துத் தரும் படிவத்தைப் பயன்படுத்துவது நன்று. எனினும் அப்படிவத்தில் பெயரும் ஒளிப்படமும் எஞ்சியிருப்பதை மறத்தலாகாது.

அலரைப் பிணையாக்கிய கடன்

அகமரபில் தலைமக்களின் உறவைப் பற்றிய ஊரார் பேச்சு ‘அம்பல்’ எனவும் ‘அலர்’ எனவும் இருநிலையாகப் பகுக்கப்படுகிறது. அம்பல் முகிழ்த்த நிலை. அலர் இன்னாரோடு இன்னார் என வெளிப்பட்டு மலர்ந்த நிலை. குறளும் ‘அலரறிவுறுத்தல்’ என ஓர் அதிகாரத்தை இதற்கு ஒதுக்கியுள்ளது.

உடனடிக் கடன் செயலிகள் செய்த கொடுமையை விளக்க இதனினும் பொருத்தமான கருத்தாக்கம் அரிது. நகையடகுக் கடையில் பிணையாவது நகை. இச்செயலிகளில் பிணையானது பயனரின் தொடர்புப் பட்டியல். தவணை தவறியதும், தாய்மாமன் முதல் பணியிட மேலாளர் வரை அப்பட்டியலில் உள்ளோர்க்கெல்லாம் இழிவான செய்திகளும் திரிக்கப்பட்ட படங்களும் அனுப்பப்பட்டன. உறவும் ஊரும் செறிந்த சிற்றூரில் இவ்வலரின் வலிமை பன்மடங்காகும். கடன்தொகை சில ஆயிரமாயினும் இழக்கப்படுவது ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும் நிலை. இந்தியாவின் பல பகுதிகளில் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

இதனைத் தொடர்ந்து இந்திய ரிசர்வ் வங்கி 2021 சனவரியில் பணிக்குழு ஒன்றை அமைத்தது. 2022 செப்டம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றை அணுகலாகாது எனத் தடுத்தன; வாடிக்கையாளரை அறிதற்பொருட்டு ஒளிப்படக்கருவி, இருப்பிடம் போன்றவற்றை வெளிப்படையான இசைவுடன் ஒருமுறை மட்டும் அணுக இடந்தந்தன. ஆகவே, தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி, அக்கேள்வியாலேயே தன்னை நெறிமீறியதாகக் காட்டிக்கொள்கிறது. பயனர் தற்காப்பிற்கு இதனினும் எளிய அளவுகோல் இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடுபவர் தம் தரவை மட்டும் கொடுப்பதில்லை. அதிலுள்ள ஒவ்வொருவரின் எண்ணையும் அவர்தம் இசைவின்றிக் கொடுக்கிறார். ‘என் தரவு, என் விருப்பம்’ என்னும் தனியுடைமைப் பார்வை இங்கே போதாமற்போகிறது.

அகமரபின் எல்லை

மேற்கண்ட பொருத்தங்களைக் கொண்டு ‘தனியுரிமை’க்கு மாற்றாக ‘அகவுரிமை’ என்னும் சொல்லை முன்மொழியலாம். உடைமைப் பொருள்மயக்கத்தை இச்சொல் தவிர்க்கும். ஆனால், மரபின் பெருமையை மட்டும் கண்டு இதனை ஏற்பது திறனாய்வாகாது.

முதலாவதாக, ‘அகம்’ என்பது மனத்தையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும். அகப்பாடல்களில் இற்செறிப்பு என்பது தலைவியை வீட்டினுள் காவல் செய்தல். அங்கே வீட்டின் மறைவு காக்கப்படுகிறது. தலைவியின் விருப்பம் அடக்கப்படுகிறது. மகளின் திறன்பேசியைத் தந்தையும் மனைவியின் கடவுச்சொல்லைக் கணவனும் கேட்கும் சூழலில், ‘அகவுரிமை’ என்பது குடும்பத்தின் உரிமையாகத் திரிபுறும் இடர் உண்டு. உச்ச நீதிமன்றம் உரிமையைத் தனிமனிதரிடம் நிறுத்தியிருப்பதை இச்சொல் கைவிடலாகாது.

இரண்டாவதாக, களவொழுக்கத்தில் அலர் தீங்காக மட்டும் அமைவதில்லை. வரைவை விரைவுபடுத்தும் வாயிலாகவும் அமைகிறது. வணிக நிறுவனம் எழுப்பும் அலருக்கு அத்தகைய நற்பயன் ஏதுமில்லை. மூன்றாவதாக, பெயர் சுட்டாமை புலவர்க்கு வகுக்கப்பட்ட இலக்கிய நெறி. அதனை உரிமைச் சட்டத்தின் முன்வடிவம் எனக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். மரபு இங்கே சிந்தனைக்கருவியாக மட்டுமே பயன்படத்தக்கது.

இசைவின் மொழி

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் பிரிவுகள், அறிவிக்கையையும் இசைவு வேண்டுகோளையும் ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்க வேண்டும் என்கின்றன. இசைவு கட்டற்றதாக, குறிப்பானதாக, அறிந்து தரப்பட்டதாக அமைய வேண்டும். தந்த எளிமையோடு அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். தொலைமருத்துவச் செயலி தொடர்புப் பட்டியலையும் கேட்டுப் பயனர் இசைந்தாலும், மருத்துவத்திற்குத் தேவையற்ற அப்பட்டியலுக்கு அவ்விசைவு செல்லாது எனச் சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், அறிவிக்கை பிற தகவல்களின் துணையின்றித் தனித்து விளங்க வேண்டும் என்கின்றன. இக்கடமைகள் நடைமுறைக்கு வர அவ்விதிகள் 18 மாத இடைவெளி தந்துள்ளன. தமிழில் அறிவிக்கைகள் பெருமளவில் எழுதப்படவிருக்கும் காலம் இது.

அவை எவ்வாறு எழுதப்படும் என்பதே கவலைக்குரியது. ‘சேவையை மேம்படுத்தும் பொருட்டுத் தங்கள் தொடர்புகள் அணுகப்படலாம், மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்’ என்பது இவ்வகை அறிவிக்கை நடைக்கு ஒரு மாதிரி. இதில் இரு குறைகள் உள்ளன. ‘பகிர்தல்’ என்பது பகுத்துண்ணும் அறத்தோடு இயைந்த இன்சொல். தரவைக் கைமாற்றும் வணிகச் செயலை அது மென்மையாக்கி மறைக்கிறது. இரண்டாவது, செயப்பாட்டு வினை. யார் அணுகுவார், யாரிடம் தருவார் என்பது வாக்கியத்திலிருந்தே நீங்கிவிடுகிறது. அகப்பாடல் பேசப்படுபவரின் பெயரை மறைத்து அவரைக் காக்கிறது. இத்தகைய அறிவிக்கையோ செய்பவரின் பெயரை மறைத்து அவரைக் காக்கிறது. காப்பின் திசை இங்கே தலைகீழாகிறது.

‘உங்கள் பேசியில் உள்ள எண்களை எங்கள் நிறுவனம் எடுத்து, விளம்பர நிறுவனங்களிடம் கொடுக்கும், வேண்டாம் என்றாலும் செயலி இயங்கும்’ என்று செய்வினையில் எழுதுவது தமிழுக்கு இயல்பானது, கீழ்பென்னாத்தூர்ப் பயனர் ஒருவர் உரக்கக் கேட்டாலே விளங்கத்தக்கது.

முடிவுரை

‘தனியுரிமை’ என்னும் சொல் வேரூன்றிவிட்ட நிலையில் அதனை ஒரேயடியாக விலக்குதல் எளிதன்று. உடைமை மென்பொருளுக்கு ‘உடைமை’ என்னும் அடையையே வழங்கி, ‘தனியுரிமை’யைத் தனிமனிதர்க்கே உரியதாக்குதல் உடனடியாக இயலக்கூடியது. சொற்குவை முதலிய கலைச்சொல் திட்டங்கள் இம்மயக்கத்தைக் கருத்திற்கொள்ளலாம். தமிழ்த்துறைகள் அறிவிக்கைகளைச் சேகரித்து, செய்பவர் வெளிப்படுகிறாரா, கைமாற்றம் அப்பெயரால் சொல்லப்படுகிறதா, மறுக்கும் வழி கூறப்படுகிறதா என்னும் மூன்று வினாக்களால் மதிப்பிடுதல் பயனுள்ள ஆய்வுக்களமாகும்.

பயனரளவில், செயலியின் பணிக்குத் தேவையற்ற அனுமதியை மறுத்தல், இருப்பிடத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் தருதல், மிரட்டலுக்கும் பண மோசடிக்கும் ஆளானால் 1930 என்னும் உதவி எண்ணை அழைத்தல் ஆகியன இன்றே இயல்வன. ஆனால், எதனை மறுக்கிறோம் என்று தெரிந்தால்தான் மறுக்க முடியும். அத்தெளிவைத் தமிழில் தருவது அறிவிக்கை எழுதுவோரின் பொறுப்பு. அது தரப்பட்டுள்ளதா என்று ஆராய்வது தமிழாய்வின் பொறுப்பு.