பெட்டிக்குள் ஒரு பக்கிரி

2019 ஜூன் 16. 'மாண்ட்ரேக்' என்கிற மேஜிக்காரர் சஞ்சல் லாஹிரி, கை காலைக் கட்டி, பூட்டும் போட்டுக்கொண்டு கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்குள் இறங்கினார். கட்டவிழ்த்துக்கொண்டு மேலே வர வேண்டும், அதுதான் வித்தை. வரவில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது.

அதே வாரம், 21-ம் தேதி 'பக்கிரி' ரிலீஸ். இதிலும் தப்பிக்கிற வித்தைக்காரன்தான் ஹீரோ. தனுஷின் முதல் வெளிநாட்டுப் படம், டைரக்டர் கனடாக்காரரான கென் ஸ்காட். நம்ம ஊரில் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது.

மும்பைத் தெருவில் வித்தை காட்டும் தனுஷ், அம்மா செத்ததும் அப்பாவைத் தேடி பாரிஸ் போகிறார். கையில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த 100 யூரோ கள்ள நோட்டு! ராத்தங்க இடமில்லாமல் ஃபர்னிச்சர் கடை அலமாரிக்குள் படுக்க, அலமாரியோடு லாரியில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். லாரிக்குள் ஏற்கெனவே ஆட்கள். ஆப்பிரிக்க அகதிகள். நாம் நிமிர்ந்து உட்காருகிறோம்.

அலமாரியிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் வெளியே வந்துவிடலாம். பாஸ்போர்ட்டிலிருந்து? நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் படமே பயந்து ஓடுகிறது. அகதிகளை நாடு கடத்தும் ஆபீசர் ஆடிப் பாடுகிறார். அகதியாக வரும் பர்கத் அப்தி நிஜத்திலேயே சோமாலியாவில் பிறந்து, சின்ன வயசிலேயே நாட்டை விட்டு வந்தவர். 'கேப்டன் பிலிப்ஸ்' (2013) படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். அவர் கதையைக் கேட்க டைரக்டருக்கு நேரமில்லை. ரோமில் டான்ஸ் காத்திருக்கிறதே!

இதெல்லாம் ஐரோப்பா சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரத்தான் நீலகிரியில் அரசாங்கத்தின் 'டான்டீ' தோட்டங்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு, இங்கே 'சிலோன்காரங்க' என்று பேர். இந்தப் பூட்டை எந்த மாண்ட்ரேக் வந்து திறப்பது?

கடைசியில் லிபியாவில் தனுஷ் கையிலிருக்கும் பணத்தை அகதிகளுக்குக் கொடுத்துவிடுகிறார். மனசு நிறைகிறது, மறுக்கவில்லை. ஆனால், அவர்களை லாரிக்குள் ஒளிய வைத்தது காசில்லாத குறை மட்டும்தானா? படம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தனுஷின் துறுதுறுப்புக்கும் அந்த லாரிக் காட்சிக்கும் ஒருமுறை பாருங்கள். பார்த்து முடித்ததும் விடுபட்ட கதை எது என்று யோசியுங்கள். அது தனுஷின் கதை இல்லை. அந்த லாரிக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் கதை.