வரைதலும் படித்தலும்: வரைபடம் கற்பிக்கும் பாடநூல் தமிழ் குறித்த ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

வில்லியம் பிளேஃபேர் 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டபோது, கண்ணுக்குப் புலனாகாத காலம் தாளின் மேல் ஒரு நீளமாக மாறியது. இன்று பள்ளிக் கணிதத்திலும் அறிவியலிலும் எண், சொல், குறியீடு ஆகியவற்றோடு நான்காவது மொழியாக வரைபடம் இடம்பெற்றுள்ளது. எனினும், அதனைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி தேவை என்பது பிற்காலத்திலேயே விரிவாக உணரப்பட்டது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஷெல் மையம் 1985இல் வெளியிட்ட பயிற்று நூலும், மெக்டெர்மாட்டும் பிறரும் 1987இல் வெளியிட்ட ஆய்வும், பீச்னர் 1994இல் அமைத்த 21 வினாக்கள் கொண்ட தேர்வும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. இவை சுட்டும் பிழைகளுள் இரண்டு தலையாயவை: (அ) வரைபடத்தை நிகழ்ச்சியின் ஓவியமாகக் கொள்ளுதல், (ஆ) கோட்டின் உயரத்தையும் சாய்வையும் ஒன்றெனக் கொள்ளுதல்.

இப்பிழைகள் எம்மொழி பேசும் மாணவரிடத்தும் தோன்றக்கூடியவை. ஆயினும், பாடநூலின் மொழி அவற்றைக் களையவும் கூடும், வளர்க்கவும் கூடும். தமிழ்ப் பாடநூல் மொழி இவற்றுள் எதனைச் செய்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் கலைச்சொற்கள் தரவாகவும், வங்காள மொழிச் சொற்கள் ஒப்பீட்டிற்காகவும் கொள்ளப்படுகின்றன. எடுத்துக்காட்டு கொல்கத்தாவின் டாக்குரியாவிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனை அடுத்த லேக் மார்க்கெட் பகுதி தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடமாகும். வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் பாடத்தில் ஆங்கிலமுமாக வளரும் குழந்தை, ஒரே கோட்டினை மூன்று மொழிகளில் படிக்க நேரும் சூழல் அங்கு உண்டு.

1. ‘வரைபடம்’ என்னும் பெயர்

தமிழ்நாட்டில் ‘வரைபடம்’ என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. சமூக அறிவியல் வினாத்தாளில் ‘இந்திய வரைபடத்தில் குறிக்க’ என வரும். கணித வினாத்தாளில் ‘வரைபடம் வரைந்து தீர்க்க’ என வரும். முன்னது இடத்தைக் காட்டுவது. பின்னது இரு அளவுகளுக்கிடையேயான உறவைக் காட்டுவது. நிலப்படத்தில் ஆறு வளைந்திருந்தால் நிலத்திலும் வளைந்திருக்கும். வேகத்தைக் காட்டும் கோடு வளைந்திருந்தால் வண்டி சென்ற பாதை வளைந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கும்போது, மேலே (அ) எனச் சுட்டப்பட்ட பிழைக்குச் சொல்லே வழிகாட்டுவதாக அமைந்துவிடுகிறது.

இலங்கைத் தமிழில் இச்சிக்கல் இல்லை. அங்கு நிலத்தைக் காட்டுவது ‘தேசப்படம்’. அளவுகளின் உறவைக் காட்டுவது ‘வரைபு’. பின்னதில் ‘படம்’ என்னும் உறுப்பு அறவே இல்லாமை கருதத்தக்கது. வங்காளத்தில் ‘மானசித்ர’, ‘லேக்சித்ர’ என இரு சொற்கள் உள்ளன. மேற்கு வங்கத்தின் ஒன்பதாம் வகுப்பு ‘கணித பிரகாஷ்’ நூலில் ஓர் இயலின் பெயரே ‘லேக்சித்ர’ என்பதாகும். இரண்டிலும் ‘சித்ர’ இருப்பினும் முன்னொட்டு அவற்றை வேறுபடுத்திவிடுகிறது. மூன்றனுள் தமிழ்நாட்டு வழக்கே வேறுபாடற்றது எனலாம்.

2. ‘சாய்வு’ என்னும் பண்பு

பெயரைக் காட்டிலும் நுட்பமான சிக்கல் ‘சாய்வு’ என்னும் சொல்லில் உள்ளது. பொது வழக்கில் ‘சாய்’ என்னும் வினை நிமிர்ந்து நிற்கும் பொருள்களோடு பெரிதும் வருவது: மரம் சாய்ந்தது, சுவர் சாய்ந்திருக்கிறது, ஏணியைச் சாய்த்து வை. இவ்விடங்களில் சாய்வு அளக்கப்படுவது நிலைக்குத்திலிருந்து. ‘ஏணி மிகவும் சாய்ந்திருக்கிறது’ என்றால் அது தரையை நோக்கிப் படிந்திருக்கிறது என்பதே பொருள். கணிதத்திலோ சாய்வு கிடைக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. கோடு நிமிர நிமிரச் சாய்வு மிகும். எனவே பேச்சில் ‘மிகச் சாய்ந்த’ ஏணி, கணிதத்தில் மிகக் குறைந்த சாய்வுடையதாகிறது.

‘சாய்தளம்’ போன்ற வழக்குகளில் சாய்வு கிடைநிலையிலிருந்தே அளக்கப்படுகிறது என்று மறுக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. தளம் இயல்பில் கிடப்பது. மரம் இயல்பில் நிற்பது. பொருளின் இயல்புநிலை எதுவோ அதிலிருந்து விலகுவதே தமிழில் சாய்வு. தாளில் வரையப்பட்ட கோட்டுக்கோ அத்தகைய இயல்புநிலை ஏதுமில்லை. ஆதலின், எங்கிருந்து அளப்பது என்பதைச் சொல் தானே உணர்த்துவதில்லை. பாடம்தான் சொல்ல வேண்டும்.

இலங்கையில் இதற்கு வழங்கும் ‘படித்திறன்’, ‘படி’ என்னும் உறுப்பினால் ஏறுதலை நினைவூட்டுகிறது. கிடையாக எவ்வளவு சென்றால் மேலே எவ்வளவு ஏறுகிறோம் என்னும் விகிதம் அதில் அடங்கியுள்ளது. வங்காளத்து ‘நதி’ (தமிழ் எழுத்தில் ஆற்றின் பெயர்போலத் தோன்றினும், இது வளைதலையும் வணங்குதலையும் குறிக்கும் ‘நம்’ என்னும் வடமொழி வேரினின்று பிறந்தது) தமிழ்நாட்டுச் ‘சாய்வு’க்கு நெருக்கமானது; அதே இடர்ப்பாடும் உடையது.

3. டாக்குரியா நிலையத்தில் ஒரு கோடு

சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் மின்வண்டி பார்க் சர்க்கஸ், பாலிகஞ்ச், டாக்குரியா, யாதவ்பூர் என நின்று செல்கிறது. காலத்தைக் கிடை அச்சிலும், சியால்தாவிலிருந்து உள்ள தொலைவை நிலை அச்சிலும் கொண்டு இப்பயணத்தை வரைந்தால், வண்டி ஓடும்போது கோடு உயரும்; டாக்குரியாவில் நிற்கும்போது கிடையாகும்; பின்னர் மீண்டும் உயரும். (அ) பிழைக்கு ஆட்பட்ட மாணவர் உயரும் பகுதியை மேட்டில் ஏறுவதாகவும், கிடைப்பகுதியைச் சமதளத்தில் ஓடுவதாகவும் கொள்வர். சமவெளியில் அமைந்த கொல்கத்தாவில் தண்டவாளம் அவ்வாறு மேடேறுவதில்லை என்பதே அப்பிழையைக் கண்டறிய எளிய சான்று.

இதே பயணத்திற்கு வேகத்தை நிலை அச்சில் கொண்டு மற்றொரு கோடு வரையலாம். டாக்குரியாவை நெருங்குகையில் இக்கோடு இறங்கிச் சுழியத்தைத் தொடும். முதற் கோடோ அதே நொடிகளில் இறங்குவதில்லை. உயர்ந்துகொண்டே மெல்ல மெல்லக் கிடையாகிறது. திரும்பி வரும் வண்டிக்கு முதற் கோடு இறங்கும். ஆனால் வேகம் குறைந்தது என்பது அதன் பொருளன்று. இவ்விரு கோடுகளையும் மேலும் கீழுமாக வைத்து ஒப்பிடச் செய்வதே உயரத்தையும் சாய்வையும் பிரித்துணர்த்தத் தக்க வழி.

இங்குத் தமிழின் இயல்பு துணைசெய்வது சுட்டத்தக்கது. ‘விலை ஏறியது’, ‘காய்ச்சல் இறங்கியது’ எனப் பொதுவழக்கிலேயே அளவு உயரமாகக் கருதப்படுகிறது. ‘விலை வேகமாக ஏறுகிறது’ என்னும்போது உயர்தலை வினைமுற்றும், உயரும் வீதத்தை வினையடையும் உணர்த்துகின்றன. அதாவது, (ஆ) பிழையில் மயங்கும் இரு கருத்துகளையும் தமிழ்த் தொடர் இரு சொல்வகைகளில் முன்பே பிரித்து வைத்துள்ளது. ‘தொலைவு வேகமாகக் கூடுகிறது’, ‘தொலைவு கூடும் வீதம் மிகுதி’, ‘கோட்டின் சாய்வு மிகுதி’ என்னும் மூன்று தொடர்களையும் இதே வரிசையில் கற்பித்தால் வினையடையிலிருந்து பெயருக்கு மாணவர் படிப்படியாக வந்துசேர்வர். சாய்வை முதலிலேயே வரையறையாகத் தரும்போது இப்பாலம் அறுந்துபோகிறது.

4. தொடரமைப்பும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத்தில் ஓர் அளவை மற்றொன்றுக்கு ‘எதிரே’ வரைதல் என்பது மரபு. இதனை அடியொற்றிக் ‘காலத்திற்கு எதிராகத் தொலைவு’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது. ‘எதிராக’ என்பது பகையையும் மறுப்பையும் உணர்த்துவது. ‘எதிர் மாறுபாடு’ என்னும் கணிதத் தொடரோடும் மயங்கக்கூடியது. பாடநூல்களில் காணப்படும் ‘தொலைவு - கால வரைபடம்’ என்னும் தொகை இக்குறையினின்று நீங்கியது. ஆயினும் எது எவ்வச்சில் என்பதை மறைக்கிறது. ‘காலம் மாற மாறத் தொலைவு எவ்வாறு மாறுகிறது’ என்னும் அடுக்குத்தொடர் சற்று நீளமாயினும், எது எதனைச் சார்ந்தது என்பதைத் தமிழியல்போடு புலப்படுத்துகிறது.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய மற்றொன்று ‘வேகம்’. தமிழ்நாட்டில் இது திசை கருதாத அளவு. திசையும் சேர்ந்தது ‘திசைவேகம்’. இலங்கையில் திசை கருதாதது ‘கதி’. திசையோடு கூடியதே ‘வேகம்’. வங்காளத்து ‘பேக்’ என்பதும் இலங்கை வழக்கையே ஒத்துள்ளது. திரும்பி வரும் வண்டியின் வேகத்தை எதிர்க்குறியோடு சுழியத்தின் கீழே வரைதல் இலங்கை மாணவருக்குச் சரி. தமிழ்நாட்டு மாணவருக்குப் பிழை. ஒரே சொல் இரு வேறு கோடுகளைத் தருகிறது.

5. தேர்வும் பயிற்சியும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண் உண்டு. அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகள், புள்ளிகள், கோடு எனப் படிநிலைகள் வகுத்துக் கற்பிக்கப்படும் இப்பகுதி மாணவருக்கு உறுதியான மதிப்பெண்ணை ஈட்டித் தருவது, துல்லியத்தையும் வளர்ப்பது. குறை, அவ்வினாவின் ஏவல் ‘வரைக’ என்பதிலேயே பெரிதும் நிற்பதாகும். தீர்வுப் புள்ளியைக் கண்டு எழுதுவதோடு படித்தல் முடிந்துவிடுகிறது. ‘கோடு இவ்விடத்தில் ஏன் வளைகிறது? விளக்குக’, ‘இக்கோட்டுக்குப் பொருந்தும் நிகழ்ச்சி ஒன்றை எழுதுக’ போன்ற ஏவல்கள் கணிதத்தோடு மொழிப் பயிற்சியையும் வேண்டுவன.

6. முடிவுரை

தாய்மொழிவழிக் கல்வியின் வலிமை, பேச்சுமொழியின் அறிவு பாடத்திற்குள் தடையின்றி வருதலாகும். ‘விலை வேகமாக ஏறுகிறது’ என்பதில் அவ்வறிவு துணையாகிறது; ‘சாய்வு’, ‘வரைபடம்’ என்பவற்றில் அதுவே இடறலாகிறது. நிலைபெற்ற கலைச்சொற்களை மாற்றுதல் எளிதன்று. எல்லா இடத்தும் தேவையுமன்று. நிலத்தைக் காட்டுவதற்கு ‘நிலப்படம்’ என்பதை மட்டும் வழங்குதல், சாய்வு கிடையிலிருந்து அளக்கப்படுவது என முதற் பாடத்திலேயே ஏணியைக் காட்டி விளக்குதல், இலங்கைச் சொற்களைப் பாடநூலின் பின்னிணைப்பில் இணைச்சொற்களாகத் தருதல் ஆகிய மூன்றும் உடனடியாக இயல்வன. இங்குக் கூறப்பட்ட சொற்பொருள் இடர்ப்பாடுகள் வகுப்பறையில் எந்த அளவிற்குப் பிழைகளாக வெளிப்படுகின்றன என்பது, இருநாட்டுத் தமிழ் மாணவரிடத்தும் ஒரே வினாக்களைக் கொண்டு ஆய்ந்து முடிவு செய்யத்தக்கது.