கூளமாதாரி (நாவல்) – ஓர் அறிமுகம்

சிறுவர் நட்பையும் சொந்த மண்ணின் கொந்தளிப்பையும் சேர்த்துச் சொன்ன நாவல் எது என்று கேட்டால், மாணவர்கள் பலர் காலித் ஹுசைனியின் 'பட்ட விரட்டி'யைச் சொல்வார்கள். காபூலில் வசதியான வீட்டில் பிறந்த அமீரும் அந்த வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசனும் அதில் வருகிறார்கள். அது 2003இல் ஆங்கிலத்தில் வெளியானது. ஏறத்தாழ அதே உறவைக் கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் வைத்து, மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தமிழில் எழுதியவர் பெருமாள்முருகன். 2000இல் வந்த 'கூளமாதாரி' அவருடைய மூன்றாவது நாவல்.

கூளையன் அருந்ததியர் குடும்பத்துச் சிறுவன். கவுண்டர் பண்ணையத்தில் வருடக் கூலிக்கு விடப்பட்டவன். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் 'படியாள்' என்று சொல்வார்களே, ஏறக்குறைய அந்த நிலைதான். ஆடு மேய்ப்பது அவன் வேலை. பண்ணையக்காரரின் மகன் செல்வன் பள்ளிக்கூடம் போகிறவன். காட்டுக்கு வந்துவிட்டால் இருவரும் விளையாட்டுத் தோழர்கள். நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி என்று மற்ற பண்ணையங்களின் பிள்ளைகளும் ஆடு ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். ஊரார் வைத்த பட்டப்பெயர்களே இந்தப் பிள்ளைகளின் பெயர்களாக நிற்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பண்ணையக்காரர் மகனுக்கு மட்டும் பெயர் பெயராகவே இருக்கிறது.

நாவலின் சிறப்பு, துன்பத்தை அடுக்கிக் காட்டி இரக்கம் கேட்காததுதான். பக்கம் பக்கமாக ஆடுகள், பனைகள், வெயில், சண்டை, சிரிப்பு. கூளையன் காட்டில் ஒரு ராஜாவைப் போல் இருக்கிறான். அந்த மகிழ்ச்சி உண்மையானது என்று நம்பியபின்தான், தேங்காய் திருடியதற்காகப் பண்ணையக்காரர் அவனைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடும் பகுதி வருகிறது. அதைப் படித்த பிறகு, செல்வனோடு அவன் ஆடும் எந்த விளையாட்டையும் முன்போல் படிக்க முடியாது. காட்டில் தோழனாக இருப்பவன் வீட்டு வாசலுக்கு வந்ததும் எசமான் மகனாகிவிடுகிறான். செல்வன் கெட்ட பையன் அல்ல. அவன் நல்லவனாக இருந்தாலும் அந்த வாசல் மாறுவதில்லை என்பதையே நாவல் சொல்கிறது.

'பட்ட விரட்டி'யோடு ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். அங்கே கதை சொல்பவன் எசமான் மகன். தவறு செய்தவன், அமெரிக்கா போனவன், பின்னாளில் ஈடு செய்யத் திரும்புகிறவன். இங்கே கதை ஆட்டுக்காரப் பையனின் பக்கம் நிற்கிறது. அவனுக்குப் போக வேறு நாடு கிடையாது. முடிவு மீண்டும் கிணற்றில்தான் நிகழ்கிறது. அதை இங்கே சொல்லிவிடுவது முறையல்ல.

காபூலில் படையெடுப்பும் போரும் நடந்தன, இங்கே என்ன கொந்தளிப்பு என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கூளையனும் செல்வனும் பிரியும் இடம் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாக உள்ள கிராமத்திலிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் மேய்ச்சல் காட்சிகள் ஒன்றுபோலவே திரும்பத் திரும்ப வருகின்றன. வவுறி, செவிடி போன்ற பெண்பிள்ளைகளின் கதை இன்னும் விரிந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'சீசன்ஸ் ஆஃப் தி பாம்' 2005இல் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பனைமரக் காலங்கள் என்று பொருள்படும் அந்தத் தலைப்பு, நுங்கும் பனங்கிழங்கும் தின்று வளர்ந்த திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். கொங்குப் பேச்சு மட்டும் முதலில் தடுக்கும். பெருமாள்முருகனே தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' நூலகத்தில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்தால் போதும், காது பழகிவிடும்.